மட்கார்டை வெட்டிய அன்று

கிரைண்டர் தகரத்தைத் தொட்டதும் மாமா எழுந்து வெளியே போய்விட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. பட்டறைக்கு எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தவர், வேலை முடியும்வரை திரும்பிப் பார்க்கவே இல்லை.

2016. கோவை கணபதியில் ஒரு டிங்கரிங் பட்டறை. உள்ளே ஸ்டாண்டில் நின்றது மாமாவின் பிரீமியர் பத்மினி. எங்கள் குடும்பத்தில் அதை யாரும் பத்மினி என்று சொன்னதில்லை. பியட்டுதான். 1986ல் மாமா முன்பணம் கட்டிக் காத்திருந்து எடுத்த வண்டி. அடுத்த வருடம் நான் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தது அதில்தான். மாமா மகன், எனக்கு மச்சான், அதன் நாலு மட்கார்டையும் வெட்டி அகலமான வீல் போட்டுத் தரையோடு இறக்கப்போகிறேன் என்று சொன்னதிலிருந்து மூன்று மாதம் வீட்டில் சண்டை. நான் மாமா பக்கம். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "எம்பேருக்கு மாத்திக் குடுத்தப்புறம் எம்பட வண்டிதான மாப்ள?" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

டிங்கர் அண்ணன் பழைய ஸ்கூட்டர் டியூபிலிருந்து ஒரு பட்டையை அறுத்து, மட்கார்டின் மேல் வளைத்து வைத்து, அதை ஒட்டி சாக்பீஸால் கோடு போட்டார். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார். அழித்துவிட்டு மறுபடி போட்டார். அப்புறம் மச்சானிடம், "தம்பி, நல்லா யோசிச்சுக்கங்க. வெட்டிட்டா வெட்டுனதுதானுங்க" என்றார். மச்சான் தலையாட்டினான். பொறி பறந்தது.

கீழே விழுந்த முதல் துண்டை நான்தான் எடுத்தேன். பிறை மாதிரி வளைந்த தகரம், கை வைக்க முடியாத சூடு. ஆறியதும் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெட்டின ஓரத்தைப் பார்த்தேன். மேலே வெள்ளை. அதற்கடியில் நீலம். அதற்கும் அடியில் மஞ்சளோடிய ஒரு கிரீம். மூன்று பெயிண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக, வெங்காயத் தோல் மாதிரி தனித்தனியாகத் தெரிந்தன. இடப்பக்கப் பின் மட்கார்டில் வேறொன்றும் வெளியே வந்தது. விரல் தடிமனுக்குப் பட்டி. எப்போதோ வண்டி நன்றாக இடி வாங்கியிருக்கிறது. தகரத்தைச் சரியாகத் தட்டி எடுக்காமல் பட்டியை அப்பித் தேய்த்து மூடியிருக்கிறார்கள். மூன்று மாதமாக நாங்கள் "ஒரிஜினல், ஒரிஜினல்" என்று எதற்காகச் சண்டை போட்டோமோ அது இந்த இடத்தில் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. நாலு துண்டையும் தினத்தந்தி தாளில் சுற்றி என் வீட்டுக்கு எடுத்துவந்து பரண்மேல் வைத்தேன். ஏன் எடுத்து வந்தேன் என்று அன்றைக்குக் கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

வண்டிப் பிரியர்களுக்குள் இந்த விஷயத்தில் நடக்கிற சண்டை எப்போதும் அழகில்தான் தொடங்கும். "பாக்கவே சகிக்கல" என்பார் ஒருவர். "உனக்கு ரசனை இல்ல" என்பார் இன்னொருவர். கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டால் அடியில் ஓடுவது வேறு என்று தெரியும். கம்பெனி எப்படி வெளியே விட்டதோ அப்படியே காப்பாற்ற வேண்டும் என்பவருக்கு வண்டி ஒரு பரம்பரைச் சொத்து. தான் வெறும் காவல்காரர், தனக்குப் பிறகும் அது இருக்க வேண்டும் என்று நினைக்கிறார். வெட்டுகிறவருக்கு அது தன் உடம்பின் ஒரு பகுதி. பச்சை குத்திக்கொள்பவரிடம் போய் ஏன் குத்தினாய் என்று கேட்டால் என்ன சொல்வாரோ அதைத்தான் இவரும் சொல்வார். நான் ரொம்ப நாள் முதல் கூட்டத்தில் இருந்தவன். அவினாசி சாலையில் இருக்கிற ஜிடி கார் மியூசியத்துக்கு எத்தனை தடவை போயிருப்பேன் என்று கணக்கே இல்லை. ஒரு பழைய வண்டியின் கதவுக் கைப்பிடி எந்த வளைவில் வார்க்கப்பட்டது என்பதை அங்கே போய்த்தான் பார்க்க முடியும். எல்லோரும் வெட்டிவிட்டால் அப்புறம் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது? இந்தக் கேள்வியை இன்றைக்கும் விடவில்லை.

ஆனால் 2018ல் ஒரு ராத்திரி என்னைக் கொஞ்சம் மாற்றிவிட்டது.

கம்பெனி வேலையாக யோகோஹாமாவில் மூன்று வாரம் தங்கியிருந்தேன். கூட வேலை பார்த்த ஜப்பானிய நண்பருக்கும் வண்டிப் பித்து உண்டு. ஒரு சனிக்கிழமை இரவு என்னை டைகோகு பார்க்கிங் ஏரியாவுக்கு அழைத்துப் போனார். கடலை ஒட்டி, விரைவுச் சாலைகள் ஒன்றின்மேல் ஒன்று சுருண்டு இறங்குகிற இடத்தின் நடுவில் இருக்கிற சாதாரண வண்டி நிறுத்தம். கழிப்பறை, சாப்பாட்டுக் கடை, தானியங்கி டீ மிஷின்கள். ஆனால் வார இறுதி ராத்திரிகளில் ஜப்பானின் அத்தனை விதமான வண்டிகளும் அங்கே வந்து நிற்கும். கூட்டம் அதிகமானால் போலீஸ் வந்து ஒலிபெருக்கியில் எல்லோரையும் கிளம்பச் சொல்லும்.

அங்கேதான் முதன்முதலில் ஆர்டபிள்யூபி வண்டியைக் கண்ணால் பார்த்தேன். ரவ்-வெல்ட் பெக்ரிஃப் என்பதன் சுருக்கம். சிபா மாகாணத்தில் இருக்கிற நகாய் அகிரா என்பவரின் பட்டறை. டொயோட்டா ஏஇ86 வைத்து, வளைவில் வண்டியைச் சறுக்கவிட்டு ஓட்டுகிற டிரிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தவர், அப்புறம் போர்ஷே 911 பக்கம் வந்து அதிலேயே நின்றுவிட்டார். பழைய, காற்றால் எஞ்சினைக் குளிர வைக்கிற 911களின் மட்கார்டை வெட்டி, பெரிய ஃபைபர் வளைவுகளைப் பொருத்துவது அவர் தொழில். தன்னுடைய சொந்த வண்டிக்கு ஸ்டெல்லா ஆர்ட்டுவா என்று ஒரு பீரின் பெயரை வைத்தவர். வாடிக்கையாளர் எந்த நாட்டில் இருந்தாலும் அவரே நேரில் போய், அவர் கையாலேயே வெட்டிப் பொருத்தி, முடித்ததும் வண்டிக்கு ஒரு பெயர் வைத்துவிட்டு வருவார். அவர் வேலை செய்கிற வீடியோக்களை நான் வெறுப்போடு பார்த்திருக்கிறேன். காரணம், அந்த 911கள் இனி வரப்போவதில்லை. 1998ல் 993 மாடலோடு காற்றுக்குளிர்ச்சி எஞ்சின் முடிந்துபோனது. இருக்கிறதை ஒருவர் ஊர் ஊராகப் போய் ரம்பத்தால் அறுக்கிறார் என்றால் வயிறு எரியாதா?

பக்கத்தில் குனிந்து பார்த்தேன். உரிமையாளர் ஐம்பது வயதுக்காரர், கேன் காப்பி குடித்துக்கொண்டிருந்தவர், பார்க்கச் சொல்லிக் கையைக் காட்டினார். ஃபைபர் வளைவு பாடியோடு சேருகிற இடத்தில் சீலன்ட் பூசிய வரி ஓடியது. மிஷின் போட்ட நேர்வரி இல்லை. ஒரு மனிதர் விரலை ஒரே இழுப்பில் இழுத்துக்கொண்டு போன தடம், ஓரிடத்தில் நின்று மறுபடி தொடங்கியது உட்பட, அப்படியே இருந்தது. பின் வளைவின் முன் ஓரம் முழுக்கக் கல் தெறித்த பொட்டுகள். உள்ளே தார் ஒட்டியிருந்தது. டயர் ஓரத்தில் ரப்பர் உருண்டு சுருண்டிருந்தது. ரேஸ் டிராக்கில் ஓட்டினால்தான் அப்படி உருளும். நண்பர் மொழிபெயர்த்துச் சொன்னார்: முன்பு இந்த வண்டியை ஷெட்டில் மூடி வைத்திருந்தாராம், கீறல் விழுமோ என்று மழைக்குக்கூட எடுக்க மாட்டாராம். வெட்டியபிறகு இனி விற்க முடியாது, விலையைப் பற்றி நினைக்க வேண்டியதில்லை என்று ஆகிவிட்டது. அதனால் ஒவ்வொரு வாரமும் ஓட்டுகிறாராம்.

அன்றிரவு அறைக்குத் திரும்பியும் இதே நினைப்புதான். ஷெட்டுக்குள் கிடந்த வண்டியை ரோட்டுக்குக் கொண்டுவந்தது அந்த ரம்பம்தான். இது என் பழைய கட்சிக்குள் அடங்காத செய்தி. ஏனென்றால் காப்பாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டு எத்தனையோ பேர் வண்டியைப் பேங்க் லாக்கரில் வைத்த நகை மாதிரிதான் வைத்திருக்கிறார்கள்.

இதைச் சொல்கிறேன் என்பதற்காக எல்லா வெட்டையும் ஏற்றுக்கொண்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். நகோயா பக்கத்து லிபர்டி வாக் பட்டறையை நடத்துகிற கட்டோ வட்டாரு 2023 ஜனவரியில் டோக்கியோ ஆட்டோ சலோன் கண்காட்சியில் ஒரு ஃபெராரி எஃப்40ஐக் கொண்டுவந்து நிறுத்தினார். நிஜ எஃப்40. மட்கார்டு அறுத்து அகல வளைவு மாட்டியது. கம்பெனியைத் தொடங்கிய என்சோ ஃபெராரி உயிரோடு இருந்தபோது வெளிவந்த கடைசி மாடல் அது. மொத்தமாகச் செய்ததே 1,300 சொச்சம். உலகம் முழுக்கக் கூச்சல். கட்டோ வந்த வழி எனக்குத் தெரியும். 70கள், 80களில் ஜப்பானிய இளைஞர்கள் ரேஸ் வண்டிகளைப் பார்த்துத் தங்கள் சாதாரண நிசான் ஸ்கைலைனில் அகலமான வளைவுகளைத் திருகாணி தெரிய அடித்து ஓட்டினார்களே, அந்தப் பரம்பரை. அதைக் கொண்டுபோய் லம்போர்கினியில் மாட்டினபோது ஒரு துணிச்சல் இருந்தது, நான் ரசித்தேன். எஃப்40 விஷயத்தில் மட்டும் என் மனசு ஒப்பவில்லை. அந்த வண்டியில் ஏற்கெனவே வேண்டாத ஒரு அங்குலம்கூடக் கிடையாது. கதவைத் திறக்க உள்ளே ஒரு கயிறுதான் இருக்கும், அவ்வளவு கழித்துக் கட்டின வண்டி. அதன்மேல் ஒன்றைச் சேர்ப்பதற்கு என்ன காரணம் சொன்னாலும் எனக்குப் போதவில்லை.

டைகோகுவில் அதே ராத்திரி இன்னொரு வண்டியும் பார்த்தேன். பெரிய செடான், பளபளக்கிற ஊதாப் பெயிண்ட், வயிறு தரையில். நாலு சக்கரமும் தலைப்பக்கம் உள்ளே சாய்ந்து, கால் பரப்பி நிற்கிற கன்றுக்குட்டி மாதிரி நின்றது. ஜப்பானில் இதற்கு 'ஒனிக்கியான்' என்று பெயர். ஒனி என்றால் அரக்கன். கேம்பர் என்கிற சொல் சுருங்கிக் கியான் ஆகிவிட்டது. கேம்பர் என்பது சக்கரம் நேர்க்குத்தாக இல்லாமல் சாய்ந்திருக்கும் கோணம். ரேஸ் வண்டிகளில் இரண்டு மூன்று டிகிரி உள்ளே சாய்த்து வைப்பார்கள். வளைவில் வண்டி சாயும்போது வெளிப்பக்க டயர் சரியாகத் தரையில் படிய வேண்டும், அதற்காக. இந்த ஊதா வண்டியில் அது பத்து டிகிரிக்கும் மேல் இருக்கும். அந்தக் கோணத்தில் டயரின் உள் ஓரம் மட்டும்தான் ரோட்டைத் தொடும். குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். வெளிப்பக்கம் புது டயர் மாதிரி பட்டன் அப்படியே இருந்தது. உள் ஓரத்தில் ரப்பர் போய் நூல் தெரிந்தது.

அதை ஓட்டிவந்த பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். சிரித்த முகம். ஒரு சின்னத் துணியால் வீல் ஓரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அவன் உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தச் சக்கரத்தை அந்த வளைவுக்குள் மயிரிழை இடைவெளியில் உட்கார வைக்க எத்தனை முறை கழற்றி மாட்டியிருப்பான். ஆனால் அந்த வண்டி ஈர ரோட்டில் பிரேக் பிடித்தால் முன்னால் போகிறவர் கதி என்ன? இந்த இடத்தில்தான் நான் பிரிகிறேன். மட்கார்டை வெட்டினால் போவது வண்டியின் விலை, அது உரிமையாளரின் நஷ்டம். பிரேக்கையும் டயரையும் கெடுத்தால் அந்த ரோட்டில் போகிற எல்லோருடைய உயிரையும் பணயம் வைக்கிறோம், அவர்களைக் கேட்காமலே.

அமெரிக்காவின் கரோலினா பக்கத்தில் பிக்கப் லாரிகளின் முன்பக்கத்தை மட்டும் வானத்தைப் பார்க்கத் தூக்கிவிட்டு, பின்பக்கத்தைத் தரையில் உட்கார வைக்கிற ஒரு ஸ்டைல் பரவியது. பானெட் மேலே எழும்பிவிடுவதால் முன்னால் ஒரு குழந்தை நடந்து போனாலும் ஓட்டுகிறவருக்குத் தெரியாது. வட கரோலினா 2021 டிசம்பரிலிருந்து அதைத் தடை செய்தது: முன் மட்கார்டு பின் மட்கார்டைவிட நாலு அங்குலமோ அதற்கு மேலோ உயர்ந்திருக்கக் கூடாது. தென் கரோலினாவும் 2023ல் சட்டம் கொண்டுவந்தது. எனக்கு இதில் இரண்டாம் எண்ணமே இல்லை, அந்தச் சட்டம் சரி.

ஆனால் சட்டம் எப்போதும் உயிரைக் காப்பாற்றத்தான் வருகிறது என்று நம்பவும் முடியாது. லோரைடர் வரலாறு தெரிந்தவர்களுக்கு இது புரியும். லாஸ் ஏஞ்சலிஸின் கிழக்குப் பக்கத்தில், விட்டியர் பூல்வார்டில், மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள் பழைய செவர்லேக்களை வாங்கி டிக்கியில் மணல் மூட்டை போட்டும் ஸ்பிரிங்கை அறுத்தும் தாழ்த்தி, மெதுவாக ஊர்வலம் போனார்கள். மற்ற அமெரிக்க இளைஞர்கள் வேகத்துக்கு வண்டி கட்டியபோது இவர்கள் மெதுவாகப் போவதற்குக் கட்டினார்கள். 1958ல் கலிபோர்னியா ஒரு விதி கொண்டுவந்தது: பாடியின் எந்தப் பகுதியும் வீல் ரிம்மின் அடிவிளிம்புக்குக் கீழே இறங்கக் கூடாது. பதிலுக்கு ரான் அகிர்ரே என்பவர் தன் 1957 கார்வெட்டில் விமானத்துக்கான உபரி ஹைட்ராலிக் பம்புகளைப் பொருத்தினார். போலீஸ் வந்தால் வண்டி எழுந்து நிற்கும், போனதும் உட்கார்ந்துவிடும். இன்றைக்கு உலகமே வேடிக்கை பார்க்கிற அந்தக் குதிக்கிற வண்டிகளுக்கு விதை இதுதான். பின்னாட்களில் ஊருக்கு ஊர் 'குரூஸிங்' தடை போட்டு, மெதுவாக ஊர்வலம் போவதையே குற்றமாக்கினார்கள். 2024 ஜனவரி 1 முதல்தான் கலிபோர்னியா அந்தத் தடைகளையும் 1958 விதியையும் நீக்கியது. ஜெஸ்ஸி வலடெஸின் 'ஜிப்சி ரோஸ்', இளஞ்சிவப்பு உடம்பு முழுக்க ரோஜா வரைந்த 1964 இம்பாலா, 2017ல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் ஏறி வாஷிங்டனில் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்றது. எந்த வண்டியைக் காப்பாற்ற வேண்டும் என்பதை ஐம்பது வருடத்துக்கு முன்பு யாரும் சொல்லியிருக்க முடியாது. அன்றைக்கு ஒரு நல்ல இம்பாலாவைக் கெடுத்துவிட்டான் என்று திட்டியவர்களும் இருந்திருப்பார்கள்தானே.

நம் ஊருக்கு வருகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவை வைத்து 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கு ஒன்றில் தெளிவாகச் சொல்லிவிட்டது: ஆர்சியில் இருக்கிற விவரம் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்தில் மோட்டார் வாகனத் துறை இதில் ரொம்பக் கறார். கோவைப் பையன்கள் சைலன்சர் மாற்றின வண்டியோடு வாளையாரைத் தாண்டுவதற்கு முன் இரண்டு தடவை யோசிப்பார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு வெடிச்சத்தம் போடுகிற சைலன்சருக்காக நான் வாதாட மாட்டேன். ஆனால் அந்தச் சத்தத்தையும், ஒழுங்காக வெல்டு வைத்து, ஒழுங்காக டயர் போட்டு, பிரேக்கையும் மேம்படுத்திக் கட்டிய வண்டியையும் நம் விதிமுறை ஒரே தட்டில் வைக்கிறது. ஜப்பானில் மாற்றி அமைத்த வண்டியைச் சோதனைக்குக் காட்டிப் பதிவு செய்துகொள்ள வழி இருக்கிறது. இங்கேயும் நேர்மையாகக் கட்டுகிறவருக்கு அப்படி ஒரு வாசல் திறந்திருந்தால் எவ்வளவோ நல்லது.

ஏனென்றால் வண்டியைப் பிரித்து வேறொன்றாக்குவது கோவைக்குப் புதிதா? நம் ஊர் ரேஸ் ஓட்டுநர் கரிவர்தன் என்ன செய்தார்? மாருதி 800 எஞ்சினை எடுத்து ஒற்றை இருக்கை ரேஸ் காரில் வைத்தார். பால் வாங்கப் போகிற வண்டியின் எஞ்சின் அது. அந்த ஃபார்முலா மாருதி கார்களில் ஓட்டிப் பழகியவர்களில் ஒருவர்தான் 2005ல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநரான நரேன் கார்த்திகேயன். செட்டிபாளையம் டிராக்குக்கு கரியின் பெயர் இருப்பது அதனால்தான். அதற்கும் முன்னால், இரண்டாம் உலகப் போர்க் காலத்து சோழவரம் ஓடுதளத்தில் உள்ளே இருந்த சீட்டையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு பியட்டும் ஹெரால்டும் ஓட்டியவர்கள் உண்டு. மாமாவே சின்ன வயதில் பஸ் ஏறிப் போய்ப் பார்த்திருக்கிறார். அதை அவரிடம் நினைவுபடுத்தியபோது, "அது ரேஸ் வண்டிடா. இது நம்ம வண்டி" என்றார்.

மச்சான் வண்டிக்கு என்ன ஆச்சு என்று சொல்ல வேண்டும். முதலில் தப்புதான் நடந்தது. முன்பக்கக் காயில் ஸ்பிரிங்கில் இரண்டு சுற்று அறுத்து, பின்பக்கம் பட்டை ஸ்பிரிங்கில் ஒரு பட்டையைக் கழற்றி இறக்கினார்கள். பார்க்க என்னவோ கம்பீரம்தான். சத்தி ரோட்டில் பெயிண்ட் அடிக்காத ஒரு வேகத்தடையில் ஆயில் சம்ப் இடித்து, மொத்த ஆயிலும் ரோட்டில் போய்விட்டது. வீல் வெளியே தள்ளி நின்றதால் பேரிங்கின் மேல் நெம்புகோல் மாதிரி பாரம் விழுந்து ஆறு மாதத்தில் ஊளையிட ஆரம்பித்தது. மச்சான் பிடிவாதக்காரன், ஆனால் வண்டி சொன்னதைக் கேட்டான். வேறு ஸ்பிரிங் போட்டு ஒன்றரை அங்குலம் ஏற்றினான். வீலை உள்ளே கொண்டுவந்தான், முன்னால் டிஸ்க் பிரேக் வைத்தான். அந்த 1089 சிசி எஞ்சினை மட்டும் தொடவில்லை. அப்புறம் அதை ஓட்டினான். வால்பாறைக்கு, கொல்லிமலைக்கு, ஒரு தடவை தனுஷ்கோடி வரைக்கும். மாமா காலத்தில் வாரத்துக்கு ஒரு நாள் சாமி கும்பிடக் கிளம்பும் வண்டி அது. நாலு வருடம் மாமா அதில் ஏறவில்லை.

2020ல், ஊரடங்கு கொஞ்சம் தளர்ந்த நேரம், வெள்ளைப் பெயிண்ட் பொரிந்து உதிர ஆரம்பித்தது. புதிதாக என்ன கலர் அடிக்கலாம் என்று மச்சான் என்னைக் கேட்டான். கன்மெட்டல் கிரே, ஆரஞ்சு என்று ஏதேதோ பேசினோம். ஆர்சி புக்கை எடுத்துப் பார்த்தால் அதில் இன்னும் கிரீம் என்றுதான் இருந்தது. மாமா இரண்டு தடவை கலர் மாற்றியும் ஆர்டிஓ ஆபீஸில் பதியவே இல்லை. கிரீம் என்றால் எந்தக் கிரீம்? கையில் இருந்த போட்டோ எல்லாம் கருப்பு வெள்ளை, அல்லது பழுத்துப்போன கலர்.

பரண்மேல் ஏறினேன். தினத்தந்தி தாள் மடிப்பில் கிழிந்திருந்தது, ஓரங்களில் துரு. ஒரு துண்டை எடுத்துக் கீழே உட்கார்ந்து, தண்ணீரில் நனைத்த எமரித் தாளால் மெதுவாகத் தேய்த்தேன். வெள்ளை போனது. நீலம் கொஞ்சம் பிடிவாதம் பிடித்தது. அதற்கடியில் உள்ளங்கை அகலத்துக்கு அந்தக் கிரீம் வந்தது, வெயிலே படாதது. பெயிண்ட் கடைக்காரர் அதைக் கையில் வாங்கி, ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வைத்து, நாலு தடவை கலந்து கலந்து பக்கத்தில் தடவிப் பார்த்து, ஐந்தாவது தடவை சரி என்றார்.

வண்டி தயாரான அன்று மச்சான் அதை மாமா வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். அகல வளைவு, தாழ்ந்த வயிறு, பெரிய டயர் எல்லாம் அப்படியே இருந்தன. மாமா திண்ணையிலிருந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுந்து வந்தார். சுற்றி வரவில்லை. நேராக இடப்பக்கப் பின் மட்கார்டுக்குப் போனார். பட்டி இருந்த அதே இடத்தில் கையை வைத்துத் தடவினார்.

"தொண்ணூத்தி ஒண்ணுல உங்க அத்தையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறப்ப லாரிக்காரன் இங்க இடிச்சான்" என்றார் என்னைப் பார்த்து. அப்புறம் மச்சானிடம் கையை நீட்டினார்.

"சாவியக் குடு."